விலக்கு நாட்கள்

வயலுக்குள் இறங்கலாமா கூடாதா என்று ஆண்கள் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ருகையா மாமி நெல்லுக்கு நடுவே, முகம் தண்ணீரில் புதையக் கிடந்தாள். பச்சைச் சாரோங் மட்டும் காற்றுப் புடைத்து மேலே தெரிந்தது.

நெல் சூல்கொண்டிருந்த நேரம். முந்தின நாள்தான் எங்கள் ஊர்த் தொழுகைக்கூடமான மெனாசாவின் முற்றத்தில் எல்லோரும் கூடி ஓதி, ஆடு சமைத்துச் சாப்பிட்டிருந்தோம். சூல் விருந்து முடிந்தால் மூன்று நாள் விலக்கு. வயலில் யாரும் கால் வைக்கக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சி அயர்ந்து தூங்கும் வீட்டில் சத்தம் போட்டு நடப்பார்களா?

"இப்ப எறங்கினா ஊருக்கே பதர்தான்" என்றார் கெஜ்ருன் இத்ரீஸ். வாய்க்காலில் தண்ணீர் விடுவதும் விதைப்புக்கு நாள் குறிப்பதும் அவர் பொறுப்பு. அவருக்கு முன்பு அவருடைய வாப்பா கெஜ்ருன்.

"அப்ப மூணு நாளும் அப்படியே கெடக்கட்டும்கிறீங்களா? மீன் கண்ணைத் தின்னுட்டுப் போயிரும்."

"நீ எறங்கேன். யாரு புடிச்சா?"

"எனக்கு முழங்கால் வலி."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பெண்கள் பாதையோரம் நின்றோம். நான் மாமியைப் பார்க்கவில்லை. வரப்போரம் நட்டிருந்த மூங்கில் முளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் மெல்லிய கம்பி ஓடியது. அது நாங்கள் பயிரிடும் வயல்.

பைஹாகி மச்சான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. வீட்டுப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, யாரிடமும் கேட்காமல் சேற்றில் இறங்கினார். மாமியைப் புரட்டி, அள்ளி, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

"பைஹாகிக்கு ஈரலே இரும்புடா" என்றார் முழங்கால் வலிக்காரர்.

மச்சான் என் அக்கா ஸஃப்ரியாத்தியின் கணவர். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமானதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வயல் டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவருடையது. பாதி விளைச்சல் அவருக்கு, பாதி எங்களுக்கு. போன போகம் முழுவதையும் பன்றிகள் தின்றுவிட்டன. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று வயல்காரர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு ஏழு மாதம்.

அதனால்தான் கம்பி. வீட்டிலிருந்து தென்னை மரங்கள் வழியாக ஒயர் இழுத்து, இருட்டியதும் கரண்ட் விடுவார். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். விடிகாலைத் தொழுகையான பஜ்ருக்கு பாங்கு சொன்னால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். பாங்குக்குப் பிறகு கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்பது குழந்தைகளுக்கும் தெரியும்.

விருந்தன்று சாப்பிடும்போது மச்சான் சொன்னார், "இந்த மூணு நாளும் நிறுத்தவே வேணாம். காவலுக்குப் போய் உட்காரவும் முடியாது. மனுஷன் எவனும் வரமாட்டான். பன்னிக்குத்தான் விலக்கு தெரியாது."

"பன்னிக்கு ஆட்டுக்கறி குடுத்திருந்தா அதுவும் கேட்டுக்கும்" என்று அக்கா சிரித்தாள்.

ருகையா மாமிக்கு வயல் கிடையாது. நத்தை பொறுக்குவாள். தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் நத்தைக் குழம்புக்குச் சந்தையில் எப்போதும் ஆள் உண்டு. ஆனால் நெல் சூல்கொண்ட பிறகு அவளை யாரும் வரப்பில் ஏற விடுவதில்லை. பயிரை மிதிக்கிறாள் என்று மண்ணாங்கட்டியால் எறிந்து விரட்டுவார்கள். விரட்ட ஆளில்லாத நாட்கள் விலக்கு நாட்கள்தான். அவள் பாங்கு சொல்லும்வரை காத்திருந்து, கம்பி செத்துவிட்டது என்று நம்பி உள்ளே போயிருக்கிறாள்.

மச்சான் ஒன்றை நம்பினார். மாமி ஒன்றை நம்பினாள். இரண்டும் எங்கள் ஊருக்குள் மட்டும் செல்லும் நம்பிக்கைகள்.

*

மையித்தைக் குளிப்பாட்ட ஸைத்தூன் மாமி வந்தார். ருகையா மாமியின் மகள் யுஸ்னியார்தான் கூட நிற்க வேண்டும். ஆனால் அவள் தலையைக் குனிந்து, தனக்கு முடியாது என்றாள். அவளும் விலக்கு. மறைப்புத் துணிக்கு வெளியே அவளை உட்கார வைத்தார்கள். ஸைத்தூன் மாமி சுற்றிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ருவைதா, நீ வா. காலேஜ்ல தவளை அறுத்த கைதானே. பயப்படமாட்டே."

நான் உயிரியல் படித்தவள். முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். பள்ளியில் யுஸ்னியாரும் நானும் ஒரே பெஞ்சு.

இலந்தை இலை போட்ட தண்ணீரை நான் ஊற்றினேன். ஸைத்தூன் மாமி தேய்த்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்தபோது ஒரு பிளாஸ்டிக் பை விழுந்தது. உள்ளே நத்தைகள். உயிரோடு இருந்தன. ஒன்று பையின் மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஸைத்தூன் மாமி பையை எடுத்து வேலியோரம் வைத்தார்.

பிறகு காலுக்கு வந்தோம். இடது கணுக்காலுக்கு மேலே குறுக்காக ஒரு கோடு. நடுவில் வெள்ளை, ஓரங்களில் பழுப்பு. தோல் காய்ந்து தடித்திருந்தது. வலது உள்ளங்கையிலும் அதே போல ஒன்று. தடுக்கி விழப்போனவள் கம்பியையே பிடித்திருக்கிறாள். அது எந்த வகைக் காயம் என்று கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை.

ஸைத்தூன் மாமியின் கை அந்த இடத்தில் நின்றது. அவருடைய இரண்டு மகன்களும் கம்பி போடுகிறவர்கள்.

துணிக்கு அப்பாலிருந்து யுஸ்னியார் கேட்டாள், "மாமி, அம்மா ஒடம்புல ஏதாச்சும் காயம் இருக்கா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சுத்தமா இருக்கா. தூங்குற மாதிரி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. நீ ஓது."

பிறகு என் பக்கம் குனிந்து, வாய்க்குள்ளே சொன்னார், "மையித்து ஒடம்புல பாத்தது கஃபன் துணியோட போயிரணும். வெளிய கொண்டுபோறது பாவம். தெரியும்ல?"

நான் தலையாட்டினேன். கற்பூரத் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளைத் துணி அந்தக் கோட்டை மூடியது.

*

அடக்கம் முடிந்து வந்த ஆண்கள் மெனாசாவில் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் கெஜ்ருனின் குரல் கேட்டது. விலக்கு உடைந்துவிட்டது. உடைத்தவர் வீட்டிலிருந்து ஓர் ஆடு வர வேண்டும். விருந்து மறுபடியும் வைக்க வேண்டும். இல்லையென்றால் வயல் முழுவதும் பதராகும். கண்ணுக்குத் தெரியாமல் வயலுக்குக் காவல் இருப்பவர் கோபத்தில் இருக்கிறார். ஓர் உயிரை எடுத்தும் அவர் கோபம் ஆறவில்லை.

குழாயடியில் அதற்குள் பேச்சு மாறியிருந்தது.

"திருடப் போனா, வயல் அடிச்சிருச்சு."

"நத்தை பொறுக்குறது திருட்டாடி?"

"விலக்குல பொறுக்கினா திருட்டுதான். எங்க பாட்டன் காலத்துல ஒருத்தன் இப்படித்தான் ரத்தம் கக்கினான்."

"இனி அந்தப் பொண்ண எவன் கட்டுவான்?"

வீட்டில் மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. மரக்கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், கோழிக்கூண்டின் பின்னால், சுருட்டிய கம்பி கிடந்தது. உழுத களைப்போடு ஆற்றில் மணல் அள்ளவும் போய் என்னைப் படிக்க வைத்தவர் அவர்.

"அம்மா, மாமி கால்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு." அம்மா முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "மையித்து கழுவினவ பேசக்கூடாது."

"மறைக்கச் சொன்னது மையித்தோட குறைய. இது மையித்தோட குறை இல்லையே. நம்ம வீட்டுக் குறை."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என் புள்ள பொறக்கறப்ப அவங்கப்பா ஜெயில்ல இருக்கணும். அதான உனக்கு வேணும்? அவரு மண் சொமந்து படிச்ச படிப்பு, இப்ப அவரையே கடிக்குது."

மச்சான் என்னைப் பார்த்தார். பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. பிறகு மறுபடியும் சுவர்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

யுஸ்னியார் முளையிலிருந்து ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். சினை ஆடு.

"போகாதே" என்றேன்.

"போகாட்டி இங்கயே வந்து நிப்பாங்க. ஆடு போனாப் போகுது ருவைதா. நாளைக்கு எங்கம்மா பேரச் சொல்லிப் புள்ளைங்கள மெரட்டுவாங்க. வயல் அடிச்ச பொம்பள வர்றா, தூங்குன்னு."

நான் சொன்னேன். கோடு, வெள்ளை, பழுப்பு, உள்ளங்கை. யாருடைய கம்பி என்பதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஆட்டின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"அங்க வந்து சொல்லு" என்றாள்.

*

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கல்லூரி வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலைச் சொல்லவே குரல் நடுங்கியது. மெனாசாவின் படிக்குக் கீழே ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மச்சானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் கம்பி இருந்தது.

கெஜ்ருன் இத்ரீஸ் மெதுவாகப் பேசினார். அவர் குரலில் கோபமே இல்லை. "மகளே, நீ மையித்து கழுவினவ. கழுவினவ சொல்றத நாங்க காதுல வாங்கக்கூடாது. நீ பாத்தத நீ பாக்கல. வீட்டுக்குப் போ."

"ஸைத்தூன் மாமியும் பாத்தாங்க."

"அவங்களும் கழுவினவங்கதான்."

சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் ஆட்டின் கயிற்றை வாங்கக் கை நீட்டினார். யுஸ்னியார் கொடுக்கவில்லை.

"சரி பெரியப்பா. கழுவினவள விடுங்க" என்றாள். "காலைல நீங்க எல்லாரும் வரப்புலதான நின்னீங்க. விலக்குன்னு ஒருத்தரும் எறங்கல. அவரு ஒருத்தரு மட்டும் எறங்கினாரு. எறங்குறதுக்கு முந்தி எதுக்கு வீட்டுக்கு ஓடினாரு? அத அவர்கிட்டக் கேளுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் உட்கார்ந்தபடியே இருந்தார். "கரண்ட நிறுத்தப் போனேன்" என்றார். "இல்லாட்டி இன்னும் ரெண்டு பேரு விழுந்திருப்பீங்க."

அதற்குப் பிறகு அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

*

போலீஸுக்குச் சொல்லவில்லை. சொன்னால் எல்லா வீட்டிலும் ஒயரைப் பார்ப்பார்கள். ஊருக்குள்ளேயே சமாதானம் செய்தார்கள். எங்கள் கிடேரி யுஸ்னியார் வீட்டுக்குப் போனது. மெனாசாவில் மச்சானும் அவளுடைய சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார, இலையால் தண்ணீர் தெளித்து, கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் ஆடு அவளிடமே இருந்தது. இரண்டாவது விருந்துக்கு நாங்கள் ஆடு கொடுத்தோம்.

"இருந்தாலும் விலக்குல எறங்கினாளே" என்று அன்றும் ஒருவர் எலும்பைச் சப்பிக்கொண்டே சொன்னார்.

மச்சான் மறுபடியும் கம்பி போடவில்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தார். மற்ற வயல்களில் கம்பி இருந்ததால் பன்றிகள் எல்லாம் எங்கள் வயலுக்கே வந்தன. பால் பிடித்த கதிர்களை ஒரு வாரத்தில் உழுதுபோட்டதுபோல ஆக்கிவிட்டன. வயல்காரர் இந்த முறை வாசலுக்குக்கூட வரவில்லை, ஆள் அனுப்பினார். ஸைத்தூன் மாமியின் மூத்த மகன் அங்கே உழத் தொடங்கினான். மச்சான் கடல் தாண்டி மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போனார். குழந்தை பிறந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். அக்கா என்னோடு பேசுவதில்லை. குழந்தையை என் மடியில் வைப்பாள், பேசமாட்டாள்.

அடுத்த போகம் நெல் சூல்கொண்டது. விருந்து முடிந்து, ஒலிபெருக்கியில் கெஜ்ருன் இத்ரீஸ் விலக்கு சொன்னார். முடிவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"கம்பி போட்டவங்க இந்த மூணு நாளும் ராத்திரி பகல் ரெண்டுலயும் கரண்ட நிறுத்தி வைங்க. நாலாம் நாள்லேருந்து விட்டுக்கலாம்."

மறுநாள் காலை, பாங்குக்குப் பிறகு, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு வந்தேன். வயலில் ஆள் இல்லை. காவல் குடிசைகள் காலியாக இருந்தன. மூங்கில் முளைகளில் கம்பி சும்மா தொங்கியது.

நெல்லுக்கு நடுவே ஒரு முதுகு அசைந்தது. யுஸ்னியார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள். சாரோங்கை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கம்பியை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, அடுத்த வயலுக்குள் காலை வைத்தாள்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். பை பாதி நிறைந்திருந்தது.

நான் குழந்தையின் முகத்தைத் தோளில் திருப்பி வைத்துக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்கு நடந்தேன்.