பூவாடைக்காரிக்குப் படைத்த சேலைகள்

1970ஆம் வருஷம் ஆடி மாதம், நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நைனார்பாளையத்துக் கூலிக்காரர் பிச்சைமுத்துவின் இருபது வயது மகன் பழனியின் நிழல் சேலை கட்டிக்கொண்டது. பழனி இடுப்பில் நாலு முழ வேட்டியும் தலையில் துண்டுமாகத்தான் நாராயணசாமியின் கழனியில் வரப்போரம் செதுக்கி அண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் விழுந்த நிழலுக்கு மட்டும் கொசுவம் இருந்தது, முந்தானை இருந்தது, கொண்டையில் ஒரு முழம் பூவும் இருந்தது. ஊர் அப்போது பழனியை அவன் என்றுதான் சொன்னது. முடிவு தெரிந்துகொண்டு சொல்கிறவர்களுக்கு வாய் அப்படி வரமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பார்த்தவள் நடவுக்காரி ராஜாம்பாள். யாரோ புதிதாக நடவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, குனிந்த தலை நிமிராமல் நகர்ந்து இடம் விட்டாள். சாயங்காலம் பார்த்தால், நிழல் விழுந்த இடத்திலெல்லாம் நாற்று நூல் பிடித்தாற்போல நட்டிருந்தது. பழனிக்கு ஆம்பளை வேலை கொடுப்பதா, பொம்பளை வேலை கொடுப்பதா என்று நாராயணசாமிக்குப் புரியவில்லை. “நீ அண்டைய வெட்டு, அத நடவுக்கு வுடு” என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டாய்க்குப் போய்விட்டார்.

பழனிக்கு ஆச்சரியமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்தது இப்படி நாலு பேர் பார்க்கத் தரையில் போய் விழும் என்று அவள் நினைக்கவில்லை. அப்பா பிச்சைமுத்து மாட்டுக்கோலை எடுத்து நிழலை அடித்தார்; புழுதி கிளம்பியதே தவிர ஒன்றும் கலையவில்லை. பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் வாசல்வரை வந்து, மாப்பிள்ளை காலடியில் இன்னொருத்தி நிற்பதைப் பார்த்துவிட்டு, வெற்றிலையைக்கூடத் தொடாமல் திரும்பினார்கள். மறுவருஷம் எலெக்‌ஷனில் பழனி ஆண்கள் வரிசையில் நிற்க, நிழல் பெண்கள் வரிசையில் போய் நின்றது. பூத்தில் இருந்தவர் சட்டப் புத்தகத்தை அரைமணி நேரம் புரட்டினார். நிழலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இரண்டு வரிசையையும் மரத்தடிக்கு மாற்றிவிட்டார்.

கடைசியில் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க இறங்கிவந்த பூமாலை என்ற பூசாரிதான் முடிவு சொன்னார். நிழலைச் சுற்றி மூன்று தரம் நடந்தார், மோந்து பார்த்தார். “பேயும் இல்ல பிசாசும் இல்லீங்க. ஒங்க வூட்ல கன்னியா செத்த பொண்ணு எதாச்சும் உண்டா?” என்று கேட்டார். பழனியின் அம்மா ஆயம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பழனிக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், பெயர் செவ்வந்தி. மூன்று வயது முடியுமுன்னே அம்மை போட்டுப் போய்விட்டாள். பழனி அப்போது கைக்குழந்தை. “அவதான் பூவாடைக்காரியா வந்து தம்பி நெழல்ல நிக்குது, படையல் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் பூமாலை பஸ் ஏறிப் போனார். அந்தப் பக்கத்தில் வீட்டில் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள், புதுச்சேலையும் வளையலும் பூவும் வைத்துப் படைப்பார்கள். படைத்த சேலையை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் கட்டவேண்டும், மருமகளாக வந்தவள் தொடக்கூடாது. ஆயம்மாள் வீட்டில் வேறு பெண் கிடையாது. அதனால் படைத்த சேலை தகரப்பெட்டிக்குள் போனது.

அன்றிலிருந்து ஆயம்மாள் பழனியின் முகத்தைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. பார்வை எப்போதும் தரையில்தான். “கொஞ்சம் வெயில்ல நில்லுடா, அவகிட்ட ஒரு வார்த்த பேசணும்” என்பாள். பழனி மணிக்கணக்காக நிற்பாள். “இத்தினி வருசம் எங்கடி போய்க்கினு இருந்த? சாப்ட்டியா?” என்று அம்மா நிழலின் தலையைத் தடவிக்கொடுப்பாள். தடவுவது தரையைத்தான்; கூசுவதென்னவோ பழனியின் தலை. உச்சிப்பொழுதில் நிழல் காலடியில் சுருங்கும்போது ஆயம்மாள் தவித்துப்போவாள். ஐப்பசி முழுக்க வானம் மூடிக்கிடந்தால் சோறு இறங்காது. மழை பொய்த்த வருஷம்கூட ஆடிப் படையலுக்குச் சின்னசேலம் சந்தைக்கு நடந்துபோய் ஒரு பூப்போட்ட சேலை வாங்கிவந்தாள். படையலுக்கு முன்னால் வேட்டியோடு நின்று, தனக்கென்று எடுத்த மாதிரியே இருக்கும் சேலையைப் பழனி பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு எரியும். செத்துப்போன அக்காமேல் பொறாமைப்படுகிறோமே என்று உடனே அழுகையும் வரும். ஒருவேளை பூமாலை சொன்னதுதான் சரியோ, இத்தனை நாளாகத் தனக்குள் இருந்தது அக்காதானோ என்றும் சில நாள் தோன்றும். அப்படியானால் நான் யார், எங்கே இருக்கிறேன் என்று குழம்பிப்போய் கிணற்றடியில் உட்கார்ந்துவிடுவாள்.

1975இல், படையல் முடிந்த மறுநாள் காலை, பழனி சொல்லிவிட்டாள். “யம்மா, அது அக்கா இல்ல. நான்தாம்மா அது.” ஆயம்மாள் படையல் பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். பிறகு, “அப்ப எம் பொண்ணு ரெண்டாந்தபாவும் செத்துட்டாளா?” என்று கேட்டாள். அன்று மத்தியானம், நிழல் காலுக்கடியில் ஒளிந்திருக்கும் நேரம் பார்த்து, பழனி ஊரைவிட்டுப் போனாள்.

எட்டு வருஷம் கடலூர், சேலம், பம்பாய் என்று போனது. போன இடமெல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், ஒன்றும் வாயால் சொல்லும்படி இல்லை. நல்ல பெயர்கள் அரசாங்கக் காகிதத்துக்கு வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. சித்திரை மாதம் கூவாகத்தில் மட்டும் யாரும் யாரிடமும் நீ இன்னா என்று கேட்கவில்லை. அங்கே வெயிலில் நின்ற அத்தனை பேரையும்போல அவளும் சேலையில் நின்றாள், நிழலும் சேலையில் நின்றது, ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டாள். மறுநாள் சாமி பலியானதும் அழுகளத்தில் மற்றவர்களோடு மாரடித்து அழுது, தாலி அறுத்து, வளையல் உடைத்து, குளித்து, வெள்ளைச் சேலை கட்டினாள். 1983இல் அப்படி வெள்ளை கட்டி நிமிர்ந்தபோது எதிரில் வேண்டுதலுக்கு வந்த ராஜாம்பாள் நின்றாள். “ஒங்கப்பன் செத்து நாலு மாசம் ஆவுது. ஒங்கம்மா வாசல்ல வெயில் உழுற எடத்தையே பாத்துக்கினு குந்திக்கினு கெடக்குது” என்றாள். பழனி சேலை மாற்றக்கூட நிற்கவில்லை, கட்டிய வெள்ளையோடு பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி நாலு. வெயில் முதுகில் அடித்ததால் நிழல்தான் முதலில் போய் அம்மாவின் மடியில் விழுந்தது. கொண்டையில் பூ இல்லை, கையில் வளையல் இல்லை, கழுத்து மொட்டையாக இருந்தது. ஆயம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். “ஐயோ, எம் பொண்ண எவனுக்குடா கட்டிக் குடுத்தீங்க? எப்படா அறுத்தீங்க? பெத்தவகிட்ட ஒரு சொல்லு சொல்லலியே!”

“கூத்தாண்டவருக்கும்மா” என்றாள் பழனி. “நேத்து கட்னேன், இன்னைக்கு அறுத்தாங்க.”

அம்மாவின் பார்வை மடியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து பாதத்துக்கும், அங்கிருந்து வெள்ளைச் சேலையின் கொசுவத்துக்கும், பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் முகத்துக்கும் ஏறியது. மூக்கைச் சிந்திப்போட்டாள். “அந்த சாமி வருசா வருசம் உசுரோட வர்றாரு. அவுருக்கு வாக்கப்பட்டவ வெள்ளையோட வூட்டுக்கு வரலாமா?” என்று திட்டிக்கொண்டே உள்ளே போய்த் தகரப்பெட்டியை இழுத்துவந்து திறந்தாள். மேலாக இருந்த சேலையை நீட்டினாள்.

“அது அக்காவுக்குப் படைச்சதும்மா.”

“வூட்ல பொறந்த பொண்ணுதான கட்டணும்? கட்டு.”

யாரைப் பெண் என்கிறாள், தன்னையா, தனக்குள் இருப்பதாக நினைக்கும் அக்காவையா என்று பழனிக்கு விளங்கவில்லை. கட்டிக்கொண்டு மறுபடி வாசல் வெயிலுக்கு வந்தாள். தரையில் இரண்டு நிழல் விழுந்தது. ஒன்று பழனியுடையது, அச்சு அசல் அவளேதான். இன்னொன்று முழங்கால் உயரம், பாவாடை கட்டியது. பெரிய நிழலின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நொண்டியடித்தது. பழனி சுற்றுமுற்றும் பார்த்தாள், வாசலில் வேறு குழந்தை கிடையாது. ஆயம்மாள் இரண்டையும் பார்த்தாள். “அதான பாத்தன்” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு பழனி ஊரிலேயே இருந்தாள். நாராயணசாமி கழனியில் நடவுக்குப் போனாள், நிழல் சும்மா நிழலாக இருந்தது. அந்த ஆடியில் ஆயம்மாள் ஒரு சேலையும் ஒரு சின்னப் பாவாடையும் வைத்துப் படைத்தாள். அடுத்த சித்திரையில் அம்மாவும் பழனியும் சேர்ந்தே கூவாகம் கிளம்பினார்கள். உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் நல்ல வெயில். எதிர் சீட்டின் முதுகில் மூன்று நிழல் விழுந்திருந்தது. கண்டக்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, “எத்தினிம்மா?” என்றார்.

“ரெண்டு குடுங்க. எனுக்கும் எம் பொண்ணு பழனிக்கும்” என்றாள் ஆயம்மாள். “சின்னதுக்கு இன்னும் மூணு முடியலீங்க.”

கண்டக்டர் சின்ன நிழலை ஒரு பார்வை பார்த்தார். மூன்று முடியவில்லை என்றுதான் அவருக்கும் பட்டது. இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.