வரிசையின் கடைசியில்

பதினோரு வருஷம் என் கழுத்தில் தொங்கிய ஆரஞ்சு நிற விசில் அன்று கொரீனின் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

மாதாகோயில்காரர்கள் நாங்கள் சனிக்கிழமைதோறும் பாலைவன ஊரான டூசானின் மலைப்பாதைகளில் நடப்போம். முன்னால் போகிறவர் விசில் வைத்திருப்பார். பாம்பு பார்ப்பது அவர் வேலை. கடைசியில் வருகிறவர் ஆள் எண்ணுவார். என் முழங்காலைக் கீறித் தைத்த பிறகு, பங்குச் சாமியார் விசிலை வாங்கிக் கொரீனிடம் கொடுத்துவிட்டார். மினசோட்டாவில் பனியில் வளர்ந்தவள் அவள். வாலை ஆட்டிச் சத்தமிடும் கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்திருப்பாள். எனக்குக் கிடைத்தது கடைசி இடம்.

பிப்ரவரி இரண்டாம் வாரம். ஆனால் மே மாத வெயில். காலை எட்டு மணிக்கே எல்லோரும் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

“பாம்பு பத்திக் கவலை வேணாம். மார்ச் பாதி வரைக்கும் தூங்கும்னு நம்ம கையேட்டுல போட்டிருக்கு. எப்பவும்போல ஜெபப் பாறையில உக்காந்து சாப்பிடலாம்” என்றாள் கொரீன்.

அந்தக் கையேட்டை எழுதியவள் நான். வெயில் முந்திக்கொண்டால் தேதியை நம்பக் கூடாது, ஜெபப் பாறையின் அடிவெடிப்பில்தான் பாம்புகள் குளிர்காலம் முழுக்கச் சுருண்டு கிடக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை. எப்போதும் நான்தானே முன்னால் போகப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ, “கொரீன் வந்தப்புறம் நடக்குறதே சொகமா இருக்கு” என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். அவளே ஒன்றைப் பார்த்து அலறட்டும், விசில் யாருக்கு உரியது என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அலறலை மட்டும்தான் நினைத்தேன். கடியை நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

நடந்தோம். அவள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றாள். ஒரு தடவை கள்ளிச்செடியில் மரங்கொத்தி போட்ட பொந்து. இன்னொரு தடவை முந்திப் பூத்த மஞ்சள் பூ. எல்லோரும் அவளைச் சுற்றி நின்று ஆகா என்றார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது.

எனக்கு முன்னால் நடந்த வெண்டல், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “என்ன ஒஃபீலியா, பாம்புக்கே வால்லதான் சத்தம். நம்ம வாலு மட்டும் இன்னிக்கு ஊமையா வருதே?”

“ஒங்க சத்தமே ஊருக்குப் போதும். முன்னாடி பாத்து நடங்க. இவ இப்படி ஒவ்வொரு பூவா கொஞ்சிட்டுப் போனா ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேருவோம்.”

வெண்டல் குரலைத் தாழ்த்தினார். “நெஜமாவே ஒனக்குத் தெரியலையா? பூவாவது புண்ணாக்காவது! எல்லாம் ஒன் முட்டிக்காகத்தான். ‘அடிக்கடி நிக்கணும், ஆனா அவங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா வெக்கப்பட்டு வீட்டுலயே இருந்துடுவாங்க’ன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. நான் சொன்னேன்னு மாட்டிவிட்டுடாத.”

நிமிர்ந்து பார்த்தேன். வரிசையின் தலை ஜெபப் பாறைக்குப் போய்விட்டது. இடுப்பளவு பாறை, அடிவெடிப்பில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். கொரீன் பையை இறக்கிவிட்டுக் காலைத் தூக்கினாள்.

என்னால் ஓட முடியாது. ஊதுவதற்கு விசிலும் இல்லை.

“பாம்பு!”

அந்தச் சொல் காதில் விழுந்தால் அப்படியே அசையாமல் நிற்பது எங்கள் வழக்கம். பதினான்கு பேரும் நின்றார்கள். கொரீனின் கால் அந்தரத்தில் நின்றது.

“காலைப் பின்னால வை. மெதுவா. இன்னும் ரெண்டடி.”

அவள் பின்வாங்கிக் குனிந்து பார்த்தாள். நானும் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வெடிப்பின் விளிம்பில், வெயில் விழுந்த ஒரு சாண் இடத்தில், கல்லோடு கல்லாக அது சுருண்டிருந்தது. உடம்பு இன்னும் சூடேறவில்லை போலும், வாலைக்கூட ஆட்டவில்லை.

“அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்படிப் பாத்தீங்க?” கொரீனின் உதடு வெளுத்திருந்தது.

ஆமாம், கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

“பாக்கல. வெயில் அடிச்சா இங்க வரும்னு தெரியும். கெளம்பும்போதே தெரியும். வேணும்னேதான் சொல்லல.”

வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொரீன் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“சொல்லியிருக்கலாமே, ஒஃபீலியா.”

“சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்க.”

அவள் கைத்தடியை நீட்டிப் பாம்புக்கும் பாதைக்கும் நடுவே காவல் நின்று, ஒவ்வொருவராகக் கடந்து போகச் சொன்னாள். ஆண்டவரே, இவளுக்குள் இருப்பதில் ஒரு துளி எனக்கும் கொடு என்று வேண்டிக்கொண்டே என் முறைக்குக் காத்திருந்தேன்.

பாறையைத் தாண்டியதும் ஒரு செங்குத்தான இறக்கம். நான் தயங்கி நின்றேன்.

“அடுத்து எங்க உக்காரலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள் கொரீன். முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை. ஆனால் முழங்கையை என் பக்கம் நீட்டினாள்.

நான் பிடித்துக்கொண்டேன்.