ஏழாம் நம்பர் கோடு

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் தள்ளுவண்டி போட்டுக் கூழும் மோரும் விற்கிற அம்சவள்ளிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மகள் பானுப்ரியாவுக்கு லாரி மோதி ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போனபோது, ஒருவன் வந்து பிள்ளையை வீடியோ எடுத்துப் போட்டான். ஊர் உலகமெல்லாம் உருகிப் பணம் அனுப்பியது, அவன் கணக்குக்கு. அதோடு அவன் போன் சுவிட்ச் ஆஃப்.

இப்போது விழுப்புரத்திலிருந்து பதினொரு பேர் சைக்கிளில் கிளம்பியிருந்தார்கள். பந்தயக்காரர்கள் ஓட்டுகிற நீண்ட பாதை அது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று சுற்றி, இருட்டுவதற்குள் மறுபடி விழுப்புரம் சேர வேண்டும். பதினொரு பேரும் முழுக்க மிதித்து முடித்தால் பானுப்ரியாவின் செயற்கைக் காலுக்கான பணத்தைத் தருவதாக ஒரு மில் முதலாளி சொல்லியிருந்தார். ஒருவர் குறைந்தாலும் கிடையாது. போகிறவர்கள் ஒன்றும் வீரர்கள் இல்லை. உரக்கடைக்காரர், வாத்தியார், பேங்க் கேஷியர் என்று தொப்பை வைத்த ஆட்கள். காரணமில்லாமல் எவன் இந்த வெயிலில் போய்ச் சாவான், இதில் என்னவோ உள்வேலை இருக்கிறது என்று அம்சவள்ளி முடிவே கட்டிவிட்டாள்.

காலையில் அவர்கள் கடந்துபோனபோது சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் பானுப்ரியா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி மோர்ச் செம்பை நீட்டிக் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். ஒருத்தரும் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரே மிதியாக மிதித்துப் போய்விட்டார்கள். யோக்கியனாக இருந்தால் பெற்றவள் முகத்தைப் பார்ப்பதற்கு என்ன?

கடைசியாக வந்த ஏழாம் நம்பர், உரக்கடை சேரன், சரியாக அவள் கடைக்கு எதிரே நின்றார். செயின் அறுந்து தொங்கியது. அந்தப் பக்கம் போன குட்டியானை லோடு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறுவதற்கு முன் இடுப்புப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, தார் ஓரத்தில் குனிந்து ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் 7 என்று எழுதினார். பிறகு சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திண்டிவனம் போய்விட்டார்.

அம்சவள்ளிக்கு வயிறு எரிந்தது. மிதிக்கிறேன் என்று பேர் பண்ணிவிட்டு வண்டியில் சவாரி. அது போகட்டும், தரையில் என்ன எழுத்து? திருடர்கள் வீட்டுக் கதவில் அடையாளம் போட்டுவிட்டுப் போவதாக அவள் போனுக்கு வராத செய்தியா? பின்னால் வருகிற கூட்டாளிக்குத்தான் போட்டிருப்பான். கூழ்ப்பானை கழுவிய தண்ணீரை அதன்மேல் கொட்டி, துடைப்பத்தால் சுவடே இல்லாமல் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கை நிறுத்தி, தரையை இங்கும் அங்கும் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனான். கூட்டாளியேதான். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

வெயில் ஏறியபின் அதே குட்டியானை எதிர்ப்பக்கம் வந்து நின்றது. புதுச் செயின் மாட்டிய சைக்கிளோடு சேரன் இறங்கி, ரோட்டைக் கடந்து வந்து, குனிந்து குனிந்து தேடினார். அம்சவள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"இன்னா தேடற? கூட்டாளிக்குப் போட்ட அடையாளமா? நான்தான் கழுவி வுட்டேன். வண்டியில போய்க்கினு மிதிச்சேன்னு சொல்லுவ. எம் பொண்ணு பேர்ல துன்னுவ."

சேரன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன் காட்டும் தூரத்தை முதலாளி நம்பமாட்டாராம், வண்டியில் போனாலும் அதில் தூரம் ஏறுமாம். அதனால்தான் சாக்பீஸ். ரிப்பேருக்கு எங்கே போனாலும், கோடு போட்ட இடத்துக்கே திரும்பி வந்து மிதிக்க வேண்டும். கோட்டைச் சரிபார்க்க முதலாளியின் ஆள் பைக்கில் வருவான். கோடு இல்லையென்றால் அந்த ஆளிடம் கடைசியாகப் பெயர் பதிந்த விக்கிரவாண்டி டோல்கேட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அம்சவள்ளி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பைக்கில் வந்தவன் போட்டோ எடுத்துப் போனதைச் சொன்னாள். கோடு இருந்த இடம் தனக்குத் தெரியும், அழித்தது தான்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வதாகக் கெஞ்சினாள்.

"நீங்க பொண்ணோட அம்மா. நீங்க சொன்னா யாருங்க நம்புவாங்க?" என்றார் சேரன். "உங்க கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அதே குட்டியானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு விக்கிரவாண்டிக்குத் திரும்பினார்.

அதன்பின் அம்சவள்ளி கூழ் ஊற்றவில்லை. தெற்கே பார்த்தபடி நின்றாள். உச்சி வெயிலில் ஏழாம் நம்பர் வந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்து, சட்டையில் உப்பு பூத்திருந்தது. தன்னை மறந்து மோர்ச் செம்போடு ஓடினாள். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, அவள் தேய்த்துக் கழுவிய இடத்தின்மேல் ஏறிப் போனார். அவர் முதுகில் பானுப்ரியா சிரித்துக்கொண்டே போனாள்.

பின்னாலேயே வந்த ஹெல்மெட்காரன் பைக்கை நிறுத்தினான். அவளையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவருக்கு இன்னா குடுத்தீங்க?"

அம்சவள்ளி செம்பைச் சாய்த்துக் காட்டினாள். விளிம்புவரை நிறைந்திருந்த மோர் தளும்பியது.

"ஒண்ணும் குடுக்கல சார். சத்தியமா குடுக்கல. நம்புங்க."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. போனை எடுத்து அவளையும் செம்பையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.