பென்சில் மட்டும் வேண்டாம்

அக்கா இறந்ததற்குப் பல்கலைக்கழகம் ஒரு மாலை அனுப்பியது. அதில் கட்டியிருந்த அட்டையில் 'முன்னாள் எழுத்தர்' என்று போட்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்து, துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவள் அவள். இருந்திருந்தால் அட்டையைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பாள். நான் பிய்த்துக் குப்பையில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே பல்கலைக்கழகத்துக்கு அவள் தேவைப்பட்டாள். பொன்விழா வருகிறதாம், வரலாறு எழுத வேண்டுமாம். எழுத உட்கார்ந்த பிறகுதான் கையில் ஒரு காகிதமும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. எப்படி இருக்கும்? புதுக் கட்டடத்துக்கு மாறிய வருடம் பழைய கோப்புகளை எடைக்குப் போடச் சொன்னவர்களே அவர்கள்தான். அக்கா எழுத்தில் அனுமதி வாங்கி, அத்தனையையும் சரக்கு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு அறை இல்லாமல் போயிற்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத இரண்டு கிழவிகளைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

வந்தவர் வரலாற்றுத் துறைத் தலைவர். விழாக் குழுவுக்கும் காப்பகத்துக்கும் அவர்தான் பொறுப்பு. "அக்கா எங்களுக்கெல்லாம் தாய் மாதிரிம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். தாய் படுக்கையில் கிடந்த காலம் முழுக்கப் பிள்ளை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

முதல் கட்டைப் பிரித்ததும் கேட்டார். "இது என்னம்மா, ஓரத்துல?"

"அக்கா எழுத்து."

பெரியவர்களின் உத்தரவு இரண்டு விதமாக வரும். நல்லது என்றால் மையில், கையெழுத்தோடு. மற்றதெல்லாம் போனில். அக்கா எதையும் மறுத்ததில்லை. எத்தனை துணைவேந்தர் வந்தாலும் தலையாட்டினாள். அதற்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் காரியம் முடிந்ததும், யார் சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவாள். மேஜை அதிர எழுதுவாள். பள்ளிக்கூட நாளில் என் நோட்டில் அவள் ஒரு வரி எழுதினால் அடுத்த மூன்று பக்கத்துக்குப் பள்ளம் விழும். திட்டு எனக்கு.

நாலைந்து கட்டு புரட்டியதும் பேராசிரியர் டீயை மறந்துவிட்டார்.

"பொக்கிஷம்மா. அக்கா பேர்லயே ஒரு அறை வெச்சிடலாம். வாசல்ல பித்தளைப் பலகை. ஒரே ஒரு சின்ன விஷயம், பென்சில் மட்டும் வேண்டாம்."

"வேண்டாம்னா?"

"நம்ம ஆளுங்களே வந்து பக்குவமா அழிச்சு எடுத்துக்குவாங்க. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

"வரலாற்றைக் காப்பாத்த ரப்பரோட வர்றீங்களா சார்?"

"பென்சில்ல எழுதினது ஆவணம் ஆகாதும்மா. அது தனிப்பட்ட அபிப்பிராயம்."

"அபிப்பிராயம்னா 'இவன் அயோக்கியன்'னு எழுதியிருப்பா. யாரு சொன்னாங்கன்னுதானே எழுதியிருக்கா?"

"அதானேம்மா பிரச்சினையே!" என்றவர், சட்டென்று டீயைத் தேடினார்.

பென்சிலோடு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்றேன். எழுந்தார். கதவருகே நின்று, "உங்களுக்கு அப்புறம் இதையெல்லாம் யாரும்மா பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

அந்த மனிதர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. எனக்குப் பிறகு வீட்டை வாங்குகிறவன் முதல் வேலையாக எடைக்குப் போடுவான். இரண்டு நாள் அந்தக் கட்டுகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். அழித்துத் தொலையுங்கள், காகிதமாவது மிஞ்சட்டும் என்று சொல்லப் போனைக்கூடக் கையில் எடுத்தேன்.

அதற்குள் அவரே வந்தார். கார் இல்லை, கூட ஆள் இல்லை, கையில் ஆப்பிள் பை.

"எங்க துறை நியமனக் கட்டு எதும்மா?"

முதல் தடவை வந்தபோது அவர் கை அந்தக் கட்டுவரைக்கும் போகவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவருடைய நியமன உத்தரவு. மையில், 'தேர்வுக் குழு ஒருமனதாக.' ஓரத்தில் பென்சில்: 'குழு தேர்ந்தெடுத்தது வேறொருவரை. துணைவேந்தர் போனில்: நம்ம தங்கச்சி மாப்பிள்ளை, பாத்துக்கோங்க.'

அதற்குப் பிறகு அவரை மாப்பிள்ளை என்றுதான் நினைக்க வருகிறது.

"பையன் இங்கதாம்மா படிக்கிறான். இந்த ஒண்ணை மட்டும்..."

"மத்தவங்களோடது?"

மாப்பிள்ளை ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அது இருக்கட்டும்மா. வரலாறுதானே."

வாழ்நாளெல்லாம் கூட உட்கார்ந்து டீ குடித்த அத்தனை பேரையும் ஒரே மூச்சில் விற்றுவிட்டார். விலை, ஓரத்தில் இரண்டு வரி.

அந்தத் தாளை மட்டும் என்னிடம் நிறுத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் பென்சிலோடு, உள்ளபடியே பெறப்பட்டது என்று எழுதி வாங்கினேன். கையெழுத்து, முத்திரை, காப்பகப் பதிவில் ஒவ்வொரு கட்டுக்கும் எண். வண்டி போய்ச் சேர்ந்து அதெல்லாம் முடிந்த பிறகுதான் அவரைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துத் தாளையும் ரப்பரையும் கொடுத்தேன். கிழித்துப் போடவும் வழியில்லை. மேலே மையில் இருப்பதுதான் அவர் வேலைக்கே ஆதாரம்.

வேர்க்க வேர்க்கத் தேய்த்தார். ஊதினார். மறுபடி தேய்த்தார். "சுத்தமா போயிடுச்சு!" என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். பழுப்பேறிய தாளில் அந்த மூலை மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. கட்டைப் பிரிக்கிற எவன் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். தாளைத் திருப்பிப் பார்க்க வரலாற்றுப் பேராசிரியருக்குத் தோன்றவில்லை.

அந்தக் கட்டோடு சேர்க்கச் சொல்லி, நானே வாங்கி உறையில் போட்டுக் கொடுத்தேன். போடும்போது பின்பக்கத்தை விரலால் தடவினேன். ஒரு எழுத்தின் தடமும் போகவில்லை. 'மாப்பிள்ளை'யில்தான் அக்கா அதிகம் அழுத்தியிருந்தாள்.