எட்டாவது படத்துக்குப் பிறகு

...எட்டு முடிந்துவிட்டது, யசோதாவுக்கு நன்றாகத் தெரியும், எண்ணிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள், முதல் படம் விடிந்ததும் எதிரே செக்கச்செவேலென்று நின்ற பாறைச் சுவருக்கு, இரண்டாவது அதன் கீழே பள்ளத்தில் தேங்கிக் கிடந்த பனிக்கு, மூன்றும் நான்கும் சருகைக் கிளறிக்கொண்டு வந்த காட்டுக்கோழிகளுக்கு, ஐந்தாவது மலை அணிலுக்கு, அது கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எதையோ கொறித்தது, ஆறும் ஏழும் இந்தச் சுனைக்கு, எட்டாவது சுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் நின்றுவிட்டுப் போன மயிலுக்கு. எட்டாவது சத்தத்துக்குப் பிறகு அவள் புருஷன் நாகேந்திரன் சாவியைத் திருகிக்கொண்டே போனான், காமிராவின் முதுகில் இருக்கிற சின்னச் சிவப்புக் கண்ணாடிக்குள் எட்டாம் நம்பர் நகர்ந்து மறைந்து வெறும் சிவப்பு மட்டும் நின்றது. ஒரு ரோலுக்கு எட்டுப் படம், அதைக் கல்யாணமான புதிதில் அவன்தானே சொல்லிக் கொடுத்தான்... அப்படியென்றால் இந்த முக்கால் மணி நேரமாக எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? ஃபிலிம் தீர்ந்த காமிராவில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, பக்கத்தில் பெண்டாட்டி என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பதே தெரியாதவன் மாதிரி... மாற்றிப் போட இன்னொரு ரோல் இல்லாமல் இல்லை, இதோ அவள் மடியில் இருக்கிற பையில், புளிச்சோற்று மூட்டைக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நடுவே, பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை?

பேசக் கூடாது, அதுதான் நிபந்தனை. விடியுமுன் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து டார்ச்சு அடித்துக்கொண்டு கூட்டி வந்த ஃபாரஸ்ட் கார்டு கன்னையா, வெட்டிய கிளைகளால் இந்த மறைப்பைக் கட்டி, இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு, அவளிடம்தான் தனியாகச் சொல்லிவிட்டுப் போனான். "அம்மா, இருமல் வந்தா முந்தானைய வாயில வெச்சி அமுத்திக்கோங்க. கடமான் காது இருக்குதே, அது நம்ம காது மாதிரி இல்ல, நீங்க மனசுல நெனக்கிறதகூட கேக்கும். பத்து மணிக்கு வரேன், ஜாக்ரத்தகா இருங்க." மனசில் நினைப்பது கேட்குமென்றால் இந்த மலையில் ஒரு மான் மிச்சம் இருக்காது, நாலு நாளாக அவள் நினைப்பதெல்லாம் கேட்டால் அந்தக் காட்டுக்கோழிகூடக் கடப்பைக்கு ஓடிப்போயிருக்கும். கல்யாணமான பதினாலு மாதத்தில் ஒரு தடவையாவது வா என்று கூப்பிட்டவனா இவன்? சனி ஞாயிறு வந்தால் பையை மாட்டிக்கொண்டு சித்தூரிலிருந்து பஸ் ஏறிவிடுவான், தலக்கோனா என்பான், நகரி மலை என்பான், திரும்பி வரும்போது சட்டையெல்லாம் முள் கிழித்திருக்கும், முகம் மட்டும் பிரசாதம் வாங்கி வந்தவன் மாதிரி இருக்கும். நேற்று சாயங்காலம் திருச்சானூரில் அவள் அக்கா தாட்சாயணி வீட்டில் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவன், யாரையும் பார்க்காமல், "நாளைக்கு நீயும் வாயேன்" என்றான். அக்கா விடுவாளா, "இன்னாடி அதிசயமா இருக்குது, காமிரா கோச்சிக்காதா?" என்று கேட்டுவிட்டு, போன வருஷம் அவன் காட்டிய படத்தை மறுபடி இழுத்தாள், "ஒரு படம் காட்டினாரே, மான் மான்னு, நான் எறும்புன்னு இல்ல நெனச்சேன்." எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், யசோதா மட்டும் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லப்போகிறவன்தான் இப்படித் தனியாகக் கூட்டிப்போவான், சத்தம் போட்டு அழ முடியாத இடமாகப் பார்த்து, இருமக்கூடக் கூடாத இடமாகப் பார்த்து...

செவ்வாய்க்கிழமை அவள் பையைத் தட்டி வெயிலில் போடத்தான் எடுத்தாள், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. உள்ளே பக்கவாட்டு அறையில் ஒரு மடித்த பாரம், ஆபீஸ் பாரம், இங்கிலீஷில். எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்த நைனாவை அந்த நிமிஷம் அவள் நொந்துகொண்டாள், படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் மறுபடி மடித்து வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போயிருப்பாள். எல்லையை மாற்றுகிறார்கள், ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் பக்கம் போய்விடுகிறது, எந்தப் பக்கம் வேலை பார்க்க இஷ்டம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், மெட்ராஸ் என்று எழுதியிருந்தான். அது அவளுக்குப் புரிந்தது, அவன் ஊர் திருத்தணிக்குத் தெற்கே, அவன் அம்மா அங்கே, ஆபீஸில் வேறு இன்னொரு தமிழ்க்காரர் வெங்கடராகவன் ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம், "ஏமய்யா நாகேந்திரா, மீ ஊரு மாதா, வாள்ளதா?" என்று, உன் ஊர் எங்களுடையதா அவர்களுடையதா என்று, டீ குடிக்கும்போதெல்லாம் கேட்கிறார்களாம், வேடிக்கையாகத்தான் கேட்கிறார்களாம். அதுவல்ல. கீழே இன்னொரு வரி இருந்தது. குடும்பத்தோடு இருக்க வீடு வேண்டுமா என்று கேட்டிருந்தது. அதற்கு எதிரே, நோ. இரண்டே எழுத்து. அவசரத்தில் எழுதியது இல்லை, மை எங்கும் இழுபடவில்லை, அந்த ஓ என்ற வட்டம் தொடங்கிய இடத்திலேயே அழகாக வந்து முடிந்திருந்தது, அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

குடும்பம் வேண்டாமென்றால் வேறு என்ன வேண்டும்... சித்தூரில் நல்ல ஸ்டூடியோ இல்லாமலா ரோலையெல்லாம் மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்பிக் கழுவி வாங்குகிறான்? "அங்கதான் நல்லா கழுவுறாங்க" என்பான். கழுவிய படங்கள் வரும் உறை ஒவ்வொன்றிலும் விலாசம் ஒரே கையெழுத்து, குண்டு குண்டாக, பெண்பிள்ளைக் கையெழுத்து, பின்னால் அனுப்புவோர் என்ற இடத்தில் வஸுமதி. ஒரு உறையில் படங்களோடு ஒரு துண்டுச் சீட்டு, பாறைப் படங்கள் நன்றாக இருக்கின்றன, மிருகங்களுக்கு இன்னும் கிட்டப் போக வேண்டும் என்று. யார் கிட்டப் போக வேண்டும், யாரிடம்? கையெழுத்தை வைத்து வயதைச் சொல்ல முடியுமா என்று அவள் பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம்கூட, வேறு யாரைப் பற்றியோ கேட்பது மாதிரி, கேட்டுப் பார்த்துவிட்டாள். ஜெயம்மா, குண்டுக் கையெழுத்தென்றால் ஆள் ஒல்லியாக இருப்பாள் என்றாள். ஒல்லியாம். அலமாரி நிறைய மலை, மரம், குரங்கு, மேகம், அவளை அவன் எடுத்தது ஒரே ஒரு படம், அதுவும் நைனா வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு செம்மரத்தடியில், "நீ பக்கத்துல நின்னாத்தான் மரம் எம்மா உயரம்னு தெரியும்" என்று நிற்கவைத்து எடுத்தது. அடிக்கோல் மாதிரி. அந்தப் படத்தில் அவள் சிரித்திருந்தாள், பைத்தியக்காரி, எதற்குச் சிரித்தாள்?

தூரத்தில் படிக்கட்டுப் பக்கமிருந்து கோவிந்தா கோவிந்தா என்று காற்றில் நைந்து வந்தது, சனிக்கிழமைக் கூட்டம். குளிரில் கால் மரத்துப்போயிருந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், காதோரம் அவனுக்கு ஒரு முடி நரைத்திருக்கிறது, இருபத்தெட்டு வயதில், இது எப்போது, அவள் எப்படிப் பார்க்காமல் போனாள்... இன்னும் எவ்வளவு நேரம் இப்படி இருப்பான், கன்னையா வந்துவிட்டால் பேச முடியாது, அக்கா வீட்டில் முடியாது, பஸ்ஸில் முடியாது, திங்கட்கிழமை அவன் ஆபீஸுக்குப் போய்விடுவான். வாயைத் திறந்தால் மான் வராது. வராமல் போகட்டும்.

"ரோல் தீந்துபோயி எம்மா நேரமாவுது" என்றாள், உதட்டுக்குள்ளேயே.

அவன் திரும்பவில்லை, காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. "தெரியும்" என்றான்.

"தெரிஞ்சிக்கினேவா பாத்துக்கினு இருக்கீங்க?"

"நீ எப்ப கேப்பேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

"நான் இன்னாத்த கேக்கப்போறேன்?"

"பாரத்தப் பத்தி" என்றான். "நான் நாலா மடிச்சி வெச்சிருந்தேன். நீ மூணா மடிச்சி வெச்சிருக்க."

அவளுக்குக் காது சுட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறான், சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறான், அவள் அவனைக் கண்காணித்த நாலு நாளும் அவன் அவளைக் கண்காணித்திருக்கிறான், ஒரே வீட்டில், ஆளுக்கொரு மறைப்புக்குள் உட்கார்ந்துகொண்டு. "யாரு வஸுமதி?" என்று கேட்டாள், கேட்க நினைத்தது அதுவல்ல, அது முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது அவன் திரும்பினான், நிஜமாகவே விளங்காத முகத்தோடு. "எந்த வஸுமதி... ஓ, ஸ்டூடியோக்காரரு சம்சாரம். அந்த அம்மாதான் கணக்கு கடுதாசி எல்லாம். அறுவது வயசு இருக்கும்."

"பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

பார்க்காமல் அறுபது என்று எப்படித் தெரியும்? ஐம்பது என்று ஏன் சொல்லவில்லை, இருபது என்று ஏன் சொல்லவில்லை... ஆனால் அந்த முகம், அதில் ஒளித்து வைக்க ஒரு மூலைகூட இல்லையே. பொய்யென்றால் கொஞ்சம் யோசித்திருப்பான். யோசிக்காமல் சொல்கிறவனையும் நம்பிவிட முடியுமா? "அப்ப வீடு வாணாம்னு இன்னாத்துக்கு எழுதினீங்க?"

"நீதான சொன்ன."

"நானா?"

"தீபாவளிக்கு. கொல்லையில துணி காயப்போட்டுக்கினே உங்க அக்கா கையில சொன்ன. அவரு வேணும்னா போவட்டும், எங்க நைனாவ உட்டுட்டு நான் அந்தப் பக்கம் காலு வெக்க மாட்டேன்னு. நான் கெணத்தாண்ட காலு கழுவிக்கினு இருந்தேன்." காமிராவின் தோல் வாரைச் சுருட்டினான், விட்டான். "திங்கக்கிழமை குடுத்துடணும். அடிச்சி மாத்தி எழுதலாம், பக்கத்துல ஒரு கையெழுத்து போட்டா போதும். பேனா எடுத்தாந்திருக்கேன்."

சொன்னாளா? சொன்னாள். வெதுருகுப்பத்தில் நைனா வெங்கடசாமி தனியாக, கண்ணில் புரை விழுந்து, வேர்க்கடலைச் செடி எது களை எது என்று கையால் தடவிப் பார்த்துப் பிடுங்குகிற மனிதர், ஞாயிறு தவறாமல் அவள் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டினால்தான் அவருக்கு அந்த வாரம் முடியும், மெட்ராஸிலிருந்து எந்த ஞாயிறு போய் எந்த ஞாயிறு வருவது? அதை நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் எந்தக் குரலில் சொன்னாள், சிரித்துக்கொண்டா, கோபமாகவா, அக்கா அப்போது ஏதோ சீண்டினாளே, அதற்காகச் சும்மா சொன்னதா... ஈரத் துணியை உதறிய சத்தம் ஞாபகம் இருக்கிறது, குரல் ஞாபகம் இல்லை. கேட்டவன் இவன்தான், இவனைத்தான் கேட்க வேண்டும், நான் அதை எப்படிச் சொன்னேன் என்று. இவனும்தான் என்ன, பேனா கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான், வா என்று சொல்லவில்லையே, ஒற்றை எழுத்து, அதற்குக்கூட வாய் வரவில்லையா? என் இஷ்டத்துக்கு விடுகிறானா, இல்லை, நாளைக்கு யாராவது கேட்டால் அவளேதான் வரமாட்டேன் என்றாள் என்று சொல்லிக்கொள்ள வழி வைத்துக்கொள்கிறானா? நாலு நாளாக வரிசையாக அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் இது ஒன்றுக்குத்தான் அவளிடம் இடம் இல்லை. அந்த வஸுமதி இருபது வயதில், ஒல்லியாக, நிஜமாகவே இருந்திருந்தால் எவ்வளவு சுலபம், அழுது தீர்த்துவிட்டு, துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு நைனா வீட்டுக்குப் போயிருப்பாள், ஊரில் ஒருவர் அவளை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், அவளும் தன்னைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்...

"சொல்லு யசோதா" என்று அவன் மெதுவாகச் சொன்னான். அவள் மடியிலிருந்த பையை இன்னும் நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள், வெயில் பாறைச் சுவரின் பாதிக்கு இறங்கி, சிவப்பு மங்கி மஞ்சளாகிக்கொண்டிருந்தது, சுனைக்கு அந்தப் பக்கம் புதர் ஒன்று தானாக விலகியது. கடமான். எறும்பு இல்லை, ஒரு எருமை உயரம், கழுத்தெல்லாம் ஈர ரோமம், கொம்பில் ஒரு காய்ந்த கொடி சிக்கித் தொங்கியது. மூன்று வருஷமாக அவன் இதற்குத்தான் அலைகிறான். முன்னங்காலை நீரில் வைத்தது, இந்தப் பக்கம் பார்த்தது, நேராக அவளையே பார்ப்பது மாதிரி இருந்தது, பிறகு தலையைத் தாழ்த்தியது. அவள் மடியில் ரோல் இருந்தது, அவன் அதைக் கேட்கவில்லை, காமிரா அவன் முழங்காலில் கிடந்தது, அவன் மானைப் பார்க்கவில்லை, தன் கன்னத்தின் மேல் அவன் பார்வை இருப்பது அவளுக்குத் திரும்பாமலே தெரிந்தது. இது குடித்து முடித்துப் போகும்வரை யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. மெள்ளக் குடி, என்று அவள் மனசுக்குள் அதனிடம் சொன்னாள், சொன்ன பிறகுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் பதிலுக்காகக் காத்திருந்தது அவள் இல்லை, அவன் என்று.