உரிமையாளர் தெரியாத கூந்தல்

பத்திரம்மாவின் தலையிலிருந்து உதிர்ந்த முடிகளில் ஒன்றை முன்பின் தெரியாத ஒருவர் ரயிலேறி வந்து ஒப்படைத்தபோது மணி மாலை நாலேகால், பத்திரம்மாவுக்கு வயது ஐம்பத்தொன்று. வந்தவர் ஒரு பல் மருத்துவர். நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஊர். நோயாளிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கும்போது சட்டையின் கைமடிப்பில் இந்த முடி கிடந்ததாம், தட்டிவிட மனம் வரவில்லையாம், பல் கையோடு வந்ததும் கடையைச் சாத்திவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்தாராம். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ரயில் நிலையத்தின் கண்டெடுத்த பொருள்கள் அறையில், கண்ணாடித் தடுப்பின் கீழே இருக்கும் இடைவெளி வழியாக, காகிதக் கைக்குட்டையில் மடித்து நீட்டினார். "யாராவது தேடுவாங்க மேடம்," என்றார். ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அதே வழியில் திரும்பிப் போனார்.

முடியைப் பார்த்ததுமே அது தன்னுடையது என்று பத்திரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது சீப்பில் வரும் முடி இல்லை. இப்போது வருவது மெலிந்து, துருப்பிடித்த நிறத்தில், தொட்டால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத முடி. இதுவோ கன்னங்கரேலென்று, இடுப்பு வரைக்கும் நீளமாக, இருபத்தேழு வயதில் அவள் இந்த வேலைக்கு வந்தபோது இருந்த முடி. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டிருப்பார்கள். இவள் போடவில்லை, தப்பு அங்கேதான் நடந்தது. இருபத்துநான்கு வருடத்தில் அந்தத் தடுப்புக்குள் நீட்டப்பட்ட எதையும் அவள் வேண்டாமென்று சொன்னதில்லை. ஒற்றைச் செருப்பு, பாதி எழுதிய கடிதம், கூண்டோடு ஒரு கிளி, எல்லாவற்றுக்கும் எண் போட்டுச் சீட்டுக் கட்டியிருக்கிறாள். திருப்பிக் கொடுக்கும்போது எல்லோரிடமும் "பத்திரம்" என்று சொல்லிச் சொல்லியே பத்திரம்மா ஆனவள். பழக்க தோஷத்தில் கை தானாகப் பதிவேட்டை இழுத்தது. பொருள்: முடி, ஒன்று. நிறம்: கறுப்பு. உரிமையாளர்: தெரியவில்லை. அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய முதல் பொய் அது. மையில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி.

இந்தச் சங்கதிக்கு இரண்டு வருடம் முந்தியே தலையில் விஷயம் ஆரம்பித்திருந்தது. மாதவிடாய் முன்னே பின்னே வந்து, பிறகு நின்றே போனது. நினைத்துக்கொண்டாற்போல உடம்பு கழுத்துவரை கொதிக்கும். மற்றவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருக்க இவள் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைப்பாள். அதோடு வகிடும் அகலமாகிக்கொண்டே வந்தது. டிக்கெட் கவுன்டரில் இருந்த தோழி, எல்லோரிடமும் சில்லறை கேட்டுக் கேட்டு சில்லறை என்றே பெயர் வாங்கியவள், வகிட்டை மாற்றி எடுக்கச் சொன்னாள். பிறகு தலையில் தூவிக்கொள்ளும் கறுப்புப் பொடி ஒன்றைக் கொண்டுவந்தாள். பொடி ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் உடம்பு கொதித்தபோது, குடையைத் தேடி வந்த ஒரு பெரியவரின் எதிரிலேயே கறுப்பாக நெற்றியில் வழிந்தது. பெரியவர் மரியாதை தெரிந்தவர், குடை கைக்கு வரும்வரை கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து பத்திரம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள்.

மருத்துவரிடமும் போனாள். அந்த அம்மாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச் சத்தும் தைராய்டும் சரியாகவே இருப்பதாகச் சொன்னார். "இது நோய் இல்லம்மா. ஹார்மோன் குறையறப்போ நிறையப் பேருக்கு முடி மெலியும். மருந்து தர்றேன், தலையில தடவுங்க, ஆறு மாசம் பொறுமையா பாருங்க. இருக்கறத காப்பாத்தலாம். போனதெல்லாம் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்." நல்ல மருத்துவர்தான். போனதெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று திரும்பி வரப்போவது அவருக்கு எப்படித் தெரியும்.

வந்தது. பல் மருத்துவருக்கு அடுத்த நாள் ஓர் ஆசிரியை, பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் கிடைத்ததென்று நீட்டினார். கைக்குழந்தையின் மூடிய விரல்களுக்குள் இருந்ததை ஒரு தகப்பன் கொண்டுவந்தான். குழந்தை அதைக் கொடுக்க மாட்டேன் என்று அழுததாம். கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர் ஒருவர் தபாலில் அனுப்பினார். பத்திரம்மா கடலையே பார்த்ததில்லை. யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ரசீது மட்டும் கேட்டார்கள். இரண்டாவது மாதம் முடிவதற்குள் உரிமையாளர் வராத ஒரு தொப்பிப் பெட்டி நிறைந்துவிட்டது. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். நடைமேடை ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்போதெல்லாம் பெட்டிக்குள் இருந்த முடி முழுவதும் மெல்ல நிமிர்ந்து, குரல் வரும் பக்கமாகச் சாய்ந்தது. அறிவிப்பு முடிந்ததும் பழையபடி படுத்துக்கொண்டது.

அறிவிப்புக் குரல் அவள் கணவருடையது. நிலையத்தில் எல்லோரும் அவரைக் குரல்காரர் என்றார்கள். இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே ஒலிவாங்கி. பேசியே சம்பளம் வாங்குபவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்கவே யோசிப்பார். அவரிடம் மூன்று குரல் உண்டு. வண்டி நேரத்துக்கு வந்தால் ஒன்று, தாமதமானால் ஒன்று. வண்டி ரத்தாகிவிட்டால் மூன்றாவது. குழைந்து, தணிந்து, வருந்துகிறோம் வருந்துகிறோம் என்று சர்க்கரை போட்ட குரல். பத்திரம்மாவுக்கு வழுக்கைகூடப் பயமில்லை, அந்த மூன்றாம் குரலில் தன்னிடம் அவர் "அதனாலென்ன" என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் பயம். கல்யாணமான நாளிலிருந்து காலையில் அவள் சீருடைக் கோட்டைப் போடும்போது கூந்தல் காலருக்குள் மாட்டிக்கொள்ளும், அவர் பின்னால் நின்று ஒரு கையால் அதை எடுத்து வெளியே விடுவார். பேச்சு கிடையாது, எடுத்துவிடுவது மட்டும் ஒருநாளும் தவறாது. இப்போது அவள் குளியலறையிலேயே கோட்டைப் போட்டு, துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் கை பாதி தூரம் எழும்பி, கீழே இறங்கிவிடும். இதைப் பார்க்காதவள் போல அவள் சாவியைத் தேடுவாள்.

தொண்ணூறு நாளுக்குள் உரிமையாளர் வராத பொருளை அப்புறப்படுத்த வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். துணிமணி ஆதரவற்றோர் விடுதிக்குப் போகும். மீதி பணிமனை உலைக்கு. ஒரே வகைப் பொருள் ஒரே பெட்டியில் இருந்தால் முதலில் வந்ததன் தேதிதான் எல்லாவற்றுக்கும். நிலைய மேலாளர் தொப்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தார், தொட்டும் பார்த்தார். "நல்ல முடிதான். ஆனா துணியில சேராது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உலை வண்டில ஏத்திடுங்க," என்றார். ஆறு மாத மருந்து தலையில் பஞ்சு மாதிரி கொஞ்சம் முளைக்க வைத்திருந்தது, அவ்வளவுதான். அவளுடைய இருபத்தேழு வயது, முப்பது, நாற்பது எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த அறையில் வேலை செய்பவர் அங்கிருக்கும் எந்தப் பொருளுக்கும் உரிமை கோரக் கூடாது. அவளுக்கு முன்னால் இருந்தவர் பத்தொன்பது குடைகளைத் தன்னுடையவை என்று வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு போட்ட விதி அது. ஒரு பேனாவைக்கூட எடுத்துப் போகாதவளுக்கு இப்போது எடுக்கவும் கை வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

உலைக்குப் போகும் பொருள்களின் பட்டியலை மூன்று நாள் முந்தி ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும், அதுவும் விதி. செவ்வாய்க்கிழமை பட்டியலைத் தட்டச்சு செய்து அறிவிப்பு அறைக்கு அனுப்பியது பத்திரம்மாவேதான். குடை, கறுப்பு, நான்கு. மூக்குக் கண்ணாடி, இரண்டு. கைத்தடி, ஒன்று. குரல்காரர் படித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடுவது நிலையம் முழுக்கக் கேட்டது. பெட்டி தூக்குபவர்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, "முடி, கறுப்பு, ஒரு பெட்டி, உரிமையாளர் தெரியவில்லை," என்றார். அது மூன்று குரல்களில் எதுவும் இல்லை. தொப்பிப் பெட்டியின் மூடி ஒரு விரற்கடை மேலே எழும்பிற்று. அன்று சாயங்காலம் வீட்டில், குழாய் சொட்டுகிறது என்று அவர் சொன்னார், ஆமாம் என்று இவள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மூன்று இருபது வண்டி அறிவிப்பே இல்லாமல் வந்து நின்றது. அந்த நிலையத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. ஏறுவதா வேண்டாமா என்று பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, குரல்காரர் தடுப்புக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இருந்த பெண்மணி கையுறையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பத்திரம்மா விண்ணப்பத் தாளை எடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"என்ன பொருள்?"

"முடிங்க மேடம்."

"யாரோடது?"

"எங்க வீட்டுக்காரம்மாவோடது."

"எப்ப தொலைஞ்சுது?"

"ஒரேயடியா இல்ல. ரெண்டு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பத்திரம்மா எழுதுவதை நிறுத்தினாள். அடுத்த கேள்வி படிவத்தில் இல்லை. "பாத்துட்டு ஏன் சொல்லல?"

"அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன். காலையில காலர்கிட்ட கை கொண்டுபோனா விலகிப் போயிடுறாங்க. என் மேல ஏதோ கோவம்னு நினைச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை லிஸ்ட்ட படிக்கறப்பதான் புரிஞ்சுது மேடம்."

"அடையாளம் சொல்லுங்க." அவள் பேனாவை மறுபடி எடுத்தாள்.

"இடுப்பு வரைக்கும் வரும். இடது காதுக்குப் பின்னால இருக்கறது மட்டும் ஓரிடத்துல வளைஞ்சிருக்கும். அங்க பென்சில் செருகி வைப்பாங்க, இருபத்துநாலு வருஷப் பழக்கம். பிடரியில ஒரு சுழி இருக்கு. அது அவங்களுக்கே தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பொருளை விண்ணப்பதாரரிடம் காட்டி அவர் வாயால் உறுதி பெற வேண்டும், அதுதான் கடைசிப் படி. பத்திரம்மா பெட்டியைத் தடுப்பை ஒட்டிய மேசையின் மேல் வைத்தாள். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, அதையும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அகன்ற வகிடும், உச்சியில் தெரிந்த தோலும், மருந்து முளைக்கவைத்த பஞ்சும் மூன்றரை மணி வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. பெட்டிக்குள் ஒரு முடிகூட அசையவில்லை.

"இதுதான்," என்றார் குரல்காரர். வண்டி நேரத்துக்கு வந்ததைச் சொல்லும் முதல் குரல் அது. "இதேதான் மேடம். சந்தேகமே இல்ல."

"கையெழுத்து போடுங்க," என்றாள் பத்திரம்மா. அழுகை வந்தது, அழுதாள், அழுதுகொண்டே முத்திரை குத்தினாள். உரிமையாளர் என்ற கட்டத்தில் இருந்த பொய்யை அடிக்க முடியாதாகையால் அதன் கீழே சிறிய எழுத்தில் 'தெரிந்துவிட்டது' என்று எழுதினாள். நாலு மணி வண்டியில் குடையும் மூக்குக் கண்ணாடியும் கைத்தடியும் மட்டும் போயின.

அந்த முடி தலைக்குத் திரும்பவில்லை, திரும்பும் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. தொப்பிப் பெட்டி வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. குரல்காரர் பேசினால் நிமிர்ந்து உட்கார்கிறது என்பதால் அவர் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார். சில நாள் போதும்போதும் என்றாகிவிடுகிறது என்று பத்திரம்மா சில்லறையிடம் சொல்லியிருக்கிறாள். தலைமுடியைக் காதோடு குட்டையாக வெட்டிக்கொண்டாள். மருந்தை விடவில்லை, துணியை விட்டுவிட்டாள், விசிறி அவள் பக்கமே திரும்பியிருக்கிறது. ஊர் ஊராக முடி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மேலாளர் புதிய பதிவேட்டில் குடை, பை, மூக்குக் கண்ணாடிக்கு அடுத்து முடி என்று அச்சடிக்கச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் குரல்காரர் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார், அவள் எல்லோரிடமும் சொல்வதைப் போல அவரிடமும் பத்திரம் என்கிறாள். காலையில் அவள் கூடத்தில் நின்றே கோட்டைப் போடுகிறாள். அவர் பின்னால் வந்து, காலருக்குள் கையை விட்டு, அங்கே இல்லாத கூந்தலை எடுத்து வெளியே விடுகிறார். அது முதுகில் இறங்கி இடுப்பைத் தொடும்வரை அவள் நிற்கிறாள், அப்புறம் சாவியை எடுத்துக்கொள்கிறாள்.