சூடாமணி வீட்டுச் சனிக்கிழமை

பெண் வீட்டார் நாங்கள். கல்யாணம் பேசச் சனிக்கிழமை சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ்தான். ஞாயிறு காலைப் பூசைக்கு இடைஞ்சல் கூடாதாம். மாப்பிள்ளை ஜாஸ்பர் வீட்டார் சனிக்கிழமையை ஓய்வு நாளாக வைத்திருக்கும் சபை என்று தெரியும். சாயங்காலம்கூட அதில் சேர்த்தி என்று யாருக்குத் தெரிந்தது?

"பொழுது சாயட்டுங்க. அதுவரைக்கும் கல்யாண விஷயம் பேச மாட்டோம்" என்று சிரித்தார் ஜாஸ்பரின் அம்மா சூடாமணி. நேற்றே செய்த முறுக்கும், பிளாஸ்க்கிலிருந்து காப்பியும் வந்தன.

லிசா ஞாயிறு பூசையை விட வேண்டுமென்றால் கல்யாணமே கிடையாது என்று ஆம்ப்ரோஸ் வரும்போதே சொல்லிவிட்டார். என் பெண் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எனக்கோ தலை சுற்றியது. அதே பைபிள், அதே பத்துக் கட்டளை. அவர்களுக்குச் சனி, எங்களுக்கு ஞாயிறு. மயிலாப்பூரில் எங்கள் தெருத் தையல்காரர் வலியுல்லா வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து மறுபடி மிஷினில் உட்காருகிறார். கேட்டால், அது கூடித் தொழுகிற நாள், ஓய்வு நாள் இல்லை என்கிறார். கடவுள் ஓய்ந்தது எந்த நாள் என்று இந்த வயதில் எனக்குச் சந்தேகம்.

அவர்களுடைய திருவான்மியூர் வீட்டுப் பால்கனியில் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரிந்தது, சூரியன் தெரியவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் பொழுது சாய்ந்ததும் சொல்லும் பாங்கு கேட்டதும் சூடாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப பேசலாம்."

ஆம்ப்ரோஸ் விழித்தார். "அவங்க பாங்கு சொன்னா உங்க ஓய்வு நாள் முடியுமா?"

"அவங்களுக்கும் நமக்கும் சூரியன் ஒண்ணுதானே."

"லிசா ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவா."

"தாராளமா போகட்டும். சனிக்கிழமை எங்க வீட்ல யாரும் சமைக்கிறதில்ல. முந்தின நாளே ஜாஸ்பர் ஆக்கி வெச்சுடுவான். ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஓய்வு நாளாச்சே, அன்னிக்கு நான் சமைக்கிறேன். உங்க வீட்ல ஞாயித்துக்கிழமை யாரு சமைக்கிறது?"

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார். பூசை முடிந்து வந்து, மட்டன் குழம்பும் வறுவலும் வைத்து, பாத்திரம் கழுவி நிமிர மூன்று மணியாகும் என்று நான் சொல்லவில்லை.

"எங்களுக்குச் சம்மதம்" என்றேன், அவரைக் கேட்காமலே.

ஆட்டோவில் லிசா என் தோளில் சாய்ந்துகொண்டாள். மந்தைவெளி தாண்டியதும் ஆம்ப்ரோஸ் கேட்டார்: "நாளைக்குக் கறி எவ்வளவு வாங்கட்டும்?"

"தெரியலைங்க. நாளைக்கு எனக்கு ஞாயித்துக்கிழமை" என்றேன்.